நாலு தடவைப் பால்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கல்யாண வீட்டில்கூட நாலு தடவை எழும்பி அடுப்படிக்குப் போய் வருவேன். காலில் சக்கரமா என்று கேலி செய்வார்கள். அந்தச் சக்கரம் எப்போது பூட்டப்பட்டது என்று எனக்கல்லவா தெரியும்! வெள்ளைக்காரன் காலத்தில், மாத்தளை டவுனில், என் மூத்த மகன் நாற்பது நாள்கூடத் தாண்டாத பிள்ளையாகக் கிடந்த அந்த வாரத்தில்.

என் இரண்டு மார்பிலும் பால் கட்டிச் சீழ் வைத்துவிட்டது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பிள்ளைக்கு டின் பால் கரைத்துக் கொடுத்தோம். தோட்டத்துத் துரை வீட்டுப் பிள்ளைகளே இதைத்தான் குடிக்கின்றன என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன், அப்படி ஒரு தித்திப்பு. இவ்வளவு இனிப்பானது என்ன கெடுதல் செய்துவிடப் போகிறது என்று நம்பிய முட்டாள் நான்.

மூன்றாம் நாள் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பச்சைத் தண்ணீர், அழுகிய முட்டை நாற்றம். என் பால் குடித்த நாட்களில் அதே துணியில் தயிர் புளித்த வாசம்தான் இருக்கும். காய்ச்சலோடு அறைக்கும் கிணற்றடிக்கும் நடந்து, ஒவ்வொரு துணியையும் மோந்து மோந்து பார்த்தேன்.

வெகுகாலம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். தாய்ப்பாலில் பிள்ளையால் செரிக்க முடியாத சர்க்கரைகளும் உண்டாம். அவை பிள்ளைக்கு அல்ல, அதன் குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளுக்கான சாப்பாடாம். அவை தின்று பெருகி, குடலைப் புளிக்க வைத்து, கெட்ட கிருமிகளை அண்டவிடாதாம். டின்னில் இருந்ததோ வெறும் இனிப்பு. அன்றைக்கே இதை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பக்கத்து வீட்டில் என் கணவரின் அக்கா, கைப்பிள்ளையோடு இருந்தார். மதினிக்குச் சட்டை நனையுமளவுக்குப் பால். ஆனால் அந்தப் பெண் பிள்ளையை, என் மகன் பிறந்த அன்றே அவனுக்கென்று பேசி வைத்துவிட்டார் என் கணவரின் தாயான மாமி. ஒருத்தியிடம் ஐந்து தடவை வயிறாரப் பால் குடித்த பிள்ளை அவளுக்கு மகனாகிவிடும். அவள் பெற்ற மகளை அவன் நிக்காஹ் செய்யக் கூடாது. பீச்சிக் கொடுத்தாலும் கணக்குத்தான். எங்கள் மார்க்கம் அப்படி. என் கணவரோ மிளகு வாங்கப் பல்லேகமப் பக்கம் போயிருந்தார்.

"நாலு தடவ குடுக்கட்டும்," என்றார் மாமி. "அஞ்சு வேணாம்."

ஒவ்வொரு தடவையும் வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு, மதினி வீட்டுக் கதவு நிலையில் ஒரு புள்ளி வைத்தார். நாலையும் இரண்டு நாளைக்குப் பங்கிட்டோம். நாற்றம் கொஞ்சம் அடங்கியது. பிள்ளை கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தான். நாலாவது புள்ளி காய்ந்ததும் மறுபடி டின் பால். விடிந்தால் மறுபடி அதே பச்சைத் தண்ணீர். இப்போது அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதினி வீட்டுக்கு நடந்தேன். மாமி வாசலை மறித்து நின்றார்.

"வாக்குக் குடுத்தாச்சு, புள்ள."

"புள்ள மௌத்தாப் போனா, மாமி, யாருக்குக் கட்டி வெப்பீங்க?"

அதுவரை மாமியிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. மாமியை விலக்கிக்கொண்டு நிலையைத் தாண்டினேன். உள்ளே மதினி தன் மகளைப் பாயில் கிடத்திவிட்டு, சட்டையை அவிழ்த்துக்கொண்டே கையை நீட்டினார்.

"கொண்டாங்க. மருமகன் போனா என்ன, எனக்கு மகன் கெடைக்கிறான்."

பிள்ளை சப்புகிற சத்தம் கேட்டது. என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவன் வயிறு நிரம்பித் தானாக வாயை எடுக்கும்வரை மாமி பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் விரலில் சுண்ணாம்பு இருந்தது, ஆனால் புள்ளி வைக்கவில்லை. முந்தானையால் அந்த நாலு புள்ளிகளையும் அழுத்தித் துடைத்தார்.

"அஞ்சாகிப் போச்சு. இனி எண்ணி என்ன? ராப் பகல் பாக்காமக் குடு, மகள்," என்று மதினியிடம் சொன்னார்.

நாலைந்து நாள் கழித்து, கிணற்றடிக்கு நடந்துகொண்டிருந்த என்னை மாமி வழிமறித்தார். கையில் பிள்ளையின் துணி. துவைக்காத துணி. அதை என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாரு."

தயிர் வாசம். அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். மாமியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.