மவுஸ் அனுப்பும் எண்கள்

இரும்புலியூரில் எங்கள் ஃப்ளாட்டின் ஹால்தான் என் மனைவிக்கு ஆபீஸ். மாடம்பாக்கம், பீர்க்கன்கரணைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் பிளான் வரைந்து கொடுப்பாள். கொஞ்ச நாளாகச் சுவர்க்கோடு மூலையில் போய்ச் சேராமல் தள்ளித் தள்ளி விழுந்தது. “கை நடுங்குதுங்க” என்றாள். அவள் அப்பாவுக்கு நடுக்க நோய். தனக்கும் வந்துவிட்டால் தொழில் போய்விடும் என்று பயந்தாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மவுஸ், கீபோர்டுகளைச் சோதித்துப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவன் நான். என்னிடமே கதையா?

“மவுஸுக்கு ஸ்கிரீன் எங்க இருக்குன்னே தெரியாது. இப்ப வலது பக்கம் இவ்வளவு, கீழே இவ்வளவு நகர்ந்தேன்னு நம்பர் மட்டும் அனுப்பும். அதைப் பெருக்கி கர்சரை நகர்த்துறது சிஸ்டம். வேகமா இழுத்தா அதிகமாப் பெருக்கும். அதான் உன் கோடு ஓடுது.”

“அப்ப என் கை நல்லா இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. சும்மா பேஜார் பண்ணாதே.”

வேகத்துக்கேற்பப் பெருக்குகிற வசதியை அணைத்தேன். கோடு அப்போதும் தள்ளியே விழுந்தது. சரி, மவுஸ்தான் கெட்டுவிட்டது, நிரூபித்துவிடலாம் என்று, அது அனுப்பும் எண்களை அப்படியே காட்டுகிற புரோகிராமைத் திறந்தேன். மவுஸ் அசையாவிட்டால் எண் வராது. என் கையை அதன்மேல் வைத்தேன். எதுவும் வரவில்லை.

“இப்ப நீ வை. நகர்த்தாதே.”

வைத்தாள். ஒன்று, மைனஸ் ஒன்று, ஒன்று, மைனஸ் ஒன்று என்று வரிசையாக இறங்கிக்கொண்டே இருந்தது. ஒயர் தளர்ந்திருக்கும் என்றேன். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எண்கள் நின்றுவிட்டன.

ஒயர் தளர்ந்திருந்தால் என் கையை வைத்தபோதும் எண் வந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

“அந்தப் பெருக்கலைக் கொறைக்க முடியுமாங்க? சாயங்காலம் ஒரு பிளான் அனுப்பணும்.”

கர்சர் வேகத்தை நன்றாகக் குறைத்தேன். மறுபடி மவுஸைப் பிடித்தாள். திரையில் கர்சர் அசையாமல் நின்றது. அவள் கோட்டை இழுத்து மூலையில் சரியாகச் சேர்த்தாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பால்கனிக்குப் போய் நரம்பு டாக்டரிடம் போனில் நேரம் கேட்டேன்.