ரோட்டோர விளக்கும் பூக்காத சம்பாவும்

விதைச்சான்று அலுவலராக இருந்த காலத்தில் எனக்குக் கோபமும் அவசரமும் அதிகம். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு தவறை எழுதுகிறேன்.

திருக்காட்டுப்பள்ளி பக்கம் செல்வராணி என்பவர் முதல்முறையாக விதைப்பண்ணை போட்டிருந்தார், அதாவது விதைக்கென்றே சம்பா நெல் வைத்திருந்தார். அவருடைய அம்மா பிறர் வயலில் நடவு நட்டவர். இவர் குத்தகை நிலத்தில் சொந்தமாகப் பயிர் வைத்தவர். சான்று கிடைத்தால்தான் அது விதை. கிடைக்காவிட்டால் வெறும் சாப்பாட்டு நெல். கலப்பு விதை போட்டவர் என்ற பேரும் ஊரில் நின்றுவிடும்.

பூக்கும் பருவத்தில் வயலாய்வுக்குப் போனேன். வயல் முழுக்கக் கதிர் வந்திருந்தது. ரோட்டோரம் மட்டும் ஒரு பகுதி பச்சையாக, இலையும் தோகையுமாக நின்றது.

"கலவன் ஏறியிருக்கும்மா. வேற ரகம் கலந்திருக்கு."

"ஒரே மூட்டை வெதை சார். ஒரே நாத்தங்கால். ரோட்டுல புது லைட்டு போட்டதுலேருந்துதான் அந்தப் பக்கம் ஒரு மாதிரியா இருக்கு."

"லைட்டுக்கும் நெல்லுக்கும் என்னம்மா சம்பந்தம்? பூக்காததை எல்லாம் பிடுங்கிடுங்க. இல்லன்னா ரிஜெக்ட்தான்."

படிவத்திலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு நாள் கழித்து மறு ஆய்வு. வழியில் பஸ் பழுதாகி, நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பச்சைப் பயிரில் பாதியைப் பிடுங்கி வரப்பில் குவித்திருந்தார்கள். அப்போது ரோட்டு விளக்கு எரிந்தது. வெளிச்சம் எதுவரை விழுந்ததோ அதுவரைதான் பயிர் பூக்கவில்லை. நடுவே ஒரு பூவரச மரத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் கதிர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. கல்லூரியில் பரீட்சைக்கு எழுதிய பாடம் அது. அந்தச் சம்பா ரகத்துக்கு இரவின் நீளம்தான் கணக்கு. இரவு போதுமான அளவு நீண்டதும் இலையில் ஒரு ஜீன் வேலை செய்யத் தொடங்கும். அதன் சேதி குருத்துக்குப் போனால்தான் குருத்து இலை விடுவதை நிறுத்திவிட்டுக் கதிர் கட்டும். ராத்திரியில் விளக்கு வெளிச்சம் பட்டால் அந்த ஜீன் அடங்கியே கிடக்கும். வயல் முழுக்க ஒரே ரகம், ஒரே ஜீன். விளக்கடியில் அதற்கு வேலை தொடங்க உத்தரவு வரவில்லை, அவ்வளவுதான்.

செல்வராணியிடம் சொன்னேன். அவர் வரப்பில் கிடந்த குவியலைப் பார்த்தார்.

"அப்ப இதெல்லாம் நல்ல பயிருதானா சார்?"

"நல்ல பயிருதாம்மா. தப்பு என்னோடது."

அங்கேயே முதல் அறிக்கையை ரத்து செய்து எழுதினேன். ஊராட்சியில் பேசி விளக்குக்கு வயல் பக்கம் தகரம் வைத்து மறைத்தோம். மிஞ்சிய பச்சைப் பயிர் சில வாரம் பிந்திக் கதிர் விட்டது. அதைத் தனியாக அறுத்தார்கள். மற்ற வயலுக்குச் சான்று கிடைத்தது.

சான்று அட்டையை வாங்கும்போது அவர் சிரித்தார். ஆனாலும் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்:

"பிடுங்கறப்பவே மனசு கேக்கல சார். படிச்சவங்க சொல்றாங்க, நாம பாத்ததுதான் தப்பா இருக்கும்னு நெனச்சுட்டேன்."

பிடுங்கிய பயிரைவிட அந்த வார்த்தைதான் என்னை அதிகம் உறுத்தியது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, "நீங்க என்ன பாத்தீங்க?" என்று பயிர் வைத்தவரிடம் கேட்டு, அவர் சொன்னதைப் படிவத்தில் எழுதிய பிறகே என் கருத்தை எழுதினேன்.