கதவுக்கு இந்தப்பக்கம் மூணு மாசம், அந்தப்பக்கம் ஏழு மாசம்

வெள்ளைக்காரன் காலத்துல நடந்த அந்தப் பெரிய சண்டை முடிஞ்ச புதுசு. எனக்குப் பதினெட்டு வயசு இருக்கும். பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆஸ்டல்ல என் வீட்டுக்காரருக்குத் தோட்ட வேலை, எனக்குச் சமையக்கட்டுக்குத் தண்ணி இறைக்கிற வேலை. விடிஞ்சா குடம், அடைஞ்சா குடம். இப்ப கே.கே. நகர்ல பேத்தி வீட்டுல குழாயத் திருகுனா கொட்டுது, அது வேற கதை. எனக்கு எழுதத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல அவதான் எழுதுறா.

அங்க வாத்தியார் வேலைக்குப் படிச்ச நாலு பேரு சேந்து ஒரு படம் எடுத்தாங்க. பேச்சு கிடையாது, வெறும் படம். வாந்திபேதி வராம இருக்கத் தண்ணியக் காச்சிக் குடிங்கன்னு ஊரு ஊராப் போயிக் காட்டுறதுக்கு. படம் பிடிக்கிற மிஷினு ஒரு வெள்ளைக்காரத் துரையோடது. தண்ணி சொமக்க ஒரு பொம்பள வேணுமாம், நான் எப்படியும் சொமக்கிறவதானேன்னு என்னயக் கூப்பிட்டாங்க. படம் பிடிச்சா ஆயுசு கொறையும்னு என் மாமியா ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்துச்சு.

மொத நாளு கெணத்துல இறைச்சு, குடத்தோட நடந்து, ஒரு குடிசைக்குள்ள போயிக் கதவச் சாத்தணும். பிலிமு வீணாயிருமுன்னு மிஷின ஓட்டாமலே பத்துப் பன்னெண்டு தடவ நடக்க விட்டாங்க. குடத்துல நெசத் தண்ணி. இடுப்பு விட்டுப்போச்சு. அப்பறம் ஒரே ஒரு தடவ மிஷின ஓட்டி எடுத்தாங்க, அதோட இருந்த பிலிமும் தீந்துபோச்சு.

மெட்ராசுலருந்து அடுத்த பிலிமு வர நாலு மாசம். வந்ததும் மிச்சத்த எடுத்தாங்க. குடிசைக்குள்ள நான் தண்ணியக் காச்சி வடிகட்டணும். வெளிச்சம் வேணும்னு கூரையப் பிரிச்சுட்டாங்க. மேல வெயிலு, முன்னால அடுப்பு, கண்ணெல்லாம் புகை.

ரெண்டையும் ஒட்டி, ஒரு வகுப்புல ஜன்னலுக்குச் சமுக்காளம் கட்டிப் போட்டுப் பாத்தாங்க. நான் ஒல்லியா உள்ள போறேன், கதவு சாத்துது. அடுத்தாப்புல அடுப்புக்கிட்ட ஏழு மாச வயித்தோட நிக்கிறேன்! மொதத் தடவ எனக்கு மூணு மாசம், வெளிய தெரியல. அவுங்க நாலு பேரும் பொம்பளயக் கண்டா தலையக் குனிஞ்சிக்கிறவுங்க, எங்கிட்டுப் பாத்தாங்க? எனக்கும்தான் தோணல. துண்டு துண்டா எடுத்து ஒட்டுவாங்கன்னு யாரு கண்டா.

ஆஸ்டல் சமையக்காரம்மா கேட்டுச்சு பாருங்க, "ஏன்டி, கதவச் சாத்துறதுக்குள்ளயா?"ன்னு. அம்புட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரிக்குறாங்க. எனக்கு எந்திரிச்சு ஓடவும் தெம்பில்ல.

நாலு நாள்ல சமயநல்லூர்ல காட்டணும். வேற பிலிமு இல்ல. அடுப்புக்கிட்ட நான் நிக்கிறத வெட்டிருவோம், அடுப்பும் பானையும் மட்டும் இருக்கட்டும்னு அவுங்கள்ல மூத்தவரு கத்திரியக் கையில எடுத்துட்டாரு. அந்தப் புகையில நின்னது நானு, அம்புட்டும் குப்பைக்கா? இன்னொருத்தரு, நடுவுல 'நாலு மாசம் கழித்து'ன்னு எழுத்துப் போடலாம்னாரு. என்ன மாதிரி ஆளுக்கு அத யாரு படிச்சுச் சொல்லுவான்னு கேட்டேன்.

பக்கத்துல ஒரு தகர டப்பா, அது நெறைய வேண்டாம்னு வெட்டிப்போட்ட பிலிமுத் துண்டு. ரெண்டு தடவையும் மிஷினு ஓடுதான்னு பாக்க, எதித்தாப்புல இருந்த வயலத்தான் அவுங்க மொதல்ல எடுத்திருந்தாங்க, அந்தத் துண்டும் அந்த டப்பாவுலதான் கெடந்துச்சு. நான் குடத்தோட நின்னு பாத்துக்கிட்டு இருந்தவதானே.

"அண்ணே, கதவுக்கும் அடுப்புக்கும் நடுவுல வயல வைங்க. நட்ட பயிரு ஒண்ணு, கதிரு சாஞ்சது ஒண்ணு. எங்க சனத்துக்கு அது போதும்."

மூத்தவரு கத்திரியக் கீழ வச்சாரு. அப்பறம் டப்பாவக் கவுத்துத் தேடி எடுத்து, பிளேடால சொரண்டி, பசை தடவி ஒட்டுனாரு. அந்தப் பசை பழுத்த வாழைப்பழமா மணக்கும். புள்ளத்தாச்சிக்கு எச்சி ஊறாம இருக்குமா?

சமயநல்லூர்ல பொழுது சாஞ்சதும் வெள்ளை வேட்டியத் திரையாக் கட்டிப் படத்தப் போட்டாங்க. நான் கடைசியில ஒரு வண்டிச் சக்கரத்துல சாஞ்சு உக்காந்திருந்தேன், காலு ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு. கதவு சாத்துச்சு. பயிரு ஆடுச்சு. கதிரு சாஞ்சுச்சு. என் வயிறு வந்துச்சு. ஒருத்தரும் சிரிக்கல. எனக்கு முன்னால இருந்த ஒரு பொம்பள பக்கத்துல இருந்தவகிட்ட மெதுவாச் சொன்னா:

"பாவம், நட்டதுலருந்து அறுப்பு வரைக்கும் தெனம் சொமந்திருக்கா, வாயும் வயிறுமா."

அதக் கேட்டதும் கண்ணு சொக்கித் தூங்கிட்டேன். படத்தோட முடிவ இன்னைக்கு வரைக்கும் நான் பாக்கல, போங்க. ஆனா படத்துல இல்லாத அந்த நாலு மாசமும் நான் நெசமாவே தண்ணி சொமந்துக்கிட்டுத்தான் இருந்தேன். அத வாய்விட்டுச் சொன்ன மொத ஆளு, மொகங்கூடத் தெரியாத அந்தப் பொம்பளதான். இன்னைக்கும் இடுப்பு பிடிச்சுக்கிட்டா அவ சொன்னதத்தான் நெனச்சுக்கிறேன்.