தடுக்காமல் விடப்பட்டவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை பாரிஸ் புறநகரான லா கூர்னெவின் மைதானத்தில் நடந்தவை:

1. அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் என் அண்ணன். அவர் பந்தோடு வலப்பக்கம் ஓடினார்.
2. எதிரணியின் ஓரத்து ஆளை எங்கள் ஆட்கள் ஒருவரும் தடுக்கவில்லை. வேண்டுமென்றே விட்டிருந்தார்கள்.
3. அண்ணன் அவன் முன்னால் நின்று இடமும் வலமும் பாய்ச்சல் காட்டினார். அவன் அண்ணனைப் பந்தோடு சேற்றில் சாய்த்தான்.
4. எல்லைக்கோட்டருகே நின்ற நான், "அண்ணை, நிக்காதேங்கோ! அவன்ரை தோளைப் பாருங்கோ!" என்று கத்தினேன்.
5. பிரெஞ்சுக்காரப் பயிற்சியாளர் என்னிடம் வந்து, பெண்கள் உட்காரும் வாங்குப்பலகை வேலியோரம் இருக்கிறது என்றார்.

ஐந்தாவதை நான் ஏற்கவில்லை. வேலியோரத்திலிருந்து பார்த்தால் முதுகுகள்தான் தெரியும். எனக்குத் தோள் தெரிய வேண்டும்.

நான் மின்னணுவியல் படித்தவள். வேலையில் சுற்றுப்பலகைகளைச் சோதிக்கிறேன். அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்த ஆட்டத் திட்ட வரைபடங்களில் இது எனக்கு உடனே விளங்கியது. தடுக்காமல் விட்ட அந்த ஆள்தான் சுவிட்ச். குவார்ட்டர்பேக், நேராக உள்ளே பாயும் முதல் ஓட்டக்காரரின் வயிற்றில் பந்தை வைக்கிறார். ஆனால் உடனே கையை எடுப்பதில்லை. ஓரத்து ஆளின் தோள் உள்ளே திரும்பினால் பந்தை இழுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும். அவன் வெளியே காத்து நின்றால் பந்தை விட்டுவிட வேண்டும். வெளியே ஓடும்போது இன்னொருவன் குறுக்கிட்டால், பக்கத்தில் ஓடிவரும் இரண்டாவது ஓட்டக்காரருக்கு எறியலாம். ஓரத்து ஆள் எதைச் செய்தாலும் அது பிழையாகிவிடும். அவனைத் தடுக்கவேண்டிய எங்கள் ஆள் வேறொருவனைத் தடுக்கப் போய்விடலாம்.

அண்ணன் ஆடியதோ எங்கள் ஊர்க் கிளித்தட்டு. அதில் கோட்டில் நின்று மறிப்பவனை வேண்டிய மட்டும் ஏய்க்கலாம். அவன் அசந்ததும் தாண்டலாம். இங்கே அப்படி நின்றால் மற்றவர்கள் மேலே வந்து விழுந்துவிடுவார்கள்.

அந்தக் கிழமை முழுதும் வேலை முடிந்த மாலைகளில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சாப்பலில் மெட்ரோப் பாலத்தின் கீழ் அண்ணனைப் பழக்கினேன். அவருடைய நண்பர் முதல் ஓட்டக்காரர். தடுக்காமல் விடப்பட்டவள் நான்.

எதிரே மரக்கறிக் கடை வைத்திருந்தவர் வாசலுக்கு வந்தார்.

"உது என்ன, கிளித்தட்டோ?"

"ஓம் அண்ணை, வெள்ளைக்காரன்ரை கிளித்தட்டு," என்றார் அண்ணன்.

"பொம்பிளைப் பிள்ளை றோட்டிலை நிண்டு பாயிறதோ? தங்கச்சி, இஞ்சை கதிரை கிடக்கு. வந்து இரு."

"நீங்கள் இருங்கோ அண்ணை. எனக்கு வேலை கிடக்கு."

"உன்ரை தங்கச்சியைக் கட்டப்போறவன் பாவமடா!"

"அவனுக்கும் ஓடப் பழக்குவாள்," என்றார் அண்ணன்.

தலைக்கு மேல் ரயில் போகும்போது நான் கத்துவது கேட்காது. அதனால் அண்ணன் என் தோளை மட்டும் பார்க்கப் பழகினார்.

அடுத்த ஞாயிறு ஓரத்து ஆள் உள்ளே திரும்பிய கணத்திலேயே அண்ணன் பந்தை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். ஒருவரும் தொடவில்லை. அடுத்த முறை இழுக்கவேண்டிய பந்தை விட்டுவிட்டுத் திட்டு வாங்கினார். மூன்றாவது முறை மறுபடி சரி.

நான் கோட்டருகே நின்றுகொண்டிருந்தேன். பயிற்சியாளர் என் பக்கம் திரும்பினார். "மத்மொசேல், வாங்கு அந்தப் பக்கம்."

அவரோடு வாதாட அண்ணன் கிளம்பினார். "விடுங்கோ," என்றேன். இவரையும் தடுக்கத் தேவையில்லை. என்னைத் துரத்த வந்தால் ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை. ஆட்டத்தைப் பார்த்தால் நான் நிற்பேன். அவருடைய தோளைப் பார்த்தேன். அது மைதானத்தின் பக்கம் திரும்பியது.

அவர் எனக்கு அன்று அனுமதி தரவில்லை, இன்றுவரை தரவுமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான் கோட்டருகேதான் நிற்கிறேன்.