பாதிக் கூறு

ஈகை என்னும் அறம் மிகுதியிலிருந்து பிறக்கும்போது எளிதாகவே நடந்துவிடுகிறது. நிறைந்த குதிரிலிருந்து ஒரு மரக்கால் அள்ளிக் கொடுப்பவனுக்குக் குதிர் குறைந்தது தெரிவதில்லை. தான் ஊன்றி நடக்கும் கோலையே பிறர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளாடி நடப்பவரிடத்திலேதான் அந்த அறம் தன் முழு உருவத்தையும் காட்டுகிறது. அவ்வறத்தை ஒரு நார்க்கூடையை வைத்துக்கொண்டு தன் வீட்டு அடுப்படியிலேயே நடத்தி முடித்தவள் மணியம்மா.

புத்தூரிலிருந்து நாராயணவனம் செல்லும் சாலையை ஒட்டிய சிறு தெருவில் அவளுடைய ஓட்டு வீடு இருக்கிறது. கணவர் முனுசாமி காலமாகி நெடுநாள் ஆயிற்று. ஒரே மகன் திலீப் மணமான இரண்டாம் ஆண்டில் ரேணிகுண்டாச் சாலையில் லாரி மோதி இறந்துபோனான். பிள்ளைப்பேறு இல்லை. எஞ்சியவர்கள் மணியம்மாவும் மருமகள் மோகனப்ரியாவும். காரியம் முடிந்த மறுநாள் மோகனாவின் அண்ணன் வந்து அழைத்தபோது, "அத்தைய உட்டுட்டு எப்பிடிண்ணா வர்றது" என்று சொல்லி அவள் எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள். அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மோகனாவுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் சாலை முனைக்கு வரும். மணியம்மா மண்டியிலிருந்து புளி வாங்கிவந்து கொட்டை நீக்கிக் கொடுப்பாள். வாரச் செலவுக்கென்று மருமகள் மாடத்தில் வைக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு ஞாயிறுதோறும் சந்தைக்குப் போவது மாமியாருடைய பொறுப்பு.

அந்தப் பொறுப்பை அவள் ஒரு நோன்பு போலவே செய்துவந்தாள். அரிசி ரேஷனில் வந்துவிடும். பருப்பும் எண்ணெயும் எடுத்தபின் எஞ்சியது காய்க்கு. எது முதலில் வாடுமோ அது முதலில் சட்டிக்குப் போகவேண்டும் என்பது அவள் விதி. ஞாயிறன்றும் திங்களன்றும் கீரை. அடுத்து வெண்டையும் கத்திரியும். புதன் கடந்தால் முள்ளங்கி. வெள்ளியன்று கடைசிவரை தாங்கி நிற்கும் பூசணிக் கீற்று. சனிக்கிழமை பெருமாளுக்கென்று இருவரும் ஒருவேளை உண்பார்கள். கூடை ஒழியும் நாளும் விரத நாளும் ஒன்றாகவே வந்து சேர்ந்தது அவளுடைய சாமர்த்தியமா, ஏழுமலையான் கருணையா என்று சொல்வதற்கில்லை. இந்த ஏற்பாட்டில் இருவரும் ஒருநாளும் பசித்ததில்லை; ஒரு கத்திரிக்காயும் அழுகியதில்லை.

இதெல்லாம் ஒழுங்காக நடந்ததற்குச் சந்தையின் வழக்கமும் துணைநின்றது. அங்கே தரையில் சாக்கு விரித்துக் காயைக் கூறு கூறாக அடுக்கி விற்பார்கள். கூறு இருபது ரூபாய். ஒரு கூறு இரண்டு பேருக்கு இரண்டு வேளைக் குழம்புக்குச் சரியாக வரும். இருவர் வாழும் வீட்டை மனத்தில் வைத்தே எவனோ ஒருவன் முதற்கூறை அடுக்கியிருக்கிறான் என்று மணியம்மா நினைத்துக்கொள்வாள்.

அந்த வைகாசியில் ஒரு ஞாயிறு மாலை ஸ்ரீஹரி வந்தான். மோகனாவின் கம்பெனியிலேயே மிஷின் பழுது பார்ப்பவன், பாகாலாவைச் சேர்ந்தவன். தங்கைகள் இருவருக்கும் மணம் முடித்துவைத்து, தனக்கென்று எதுவும் செய்துகொள்ளாமல் முப்பத்தைந்தை எட்டியவன். சித்தூரில் வேறு வேலை கிடைத்திருக்கிறது என்றான். கொடுத்த காபியைத் தொடாமல் தலையைக் குனிந்துகொண்டு பேசினான்.

"அவங்கள நான் கட்டிக்கிறேம்மா. அவங்க ஒண்ணும் சொல்லல. உங்களக் கேக்காம சொல்லமாட்டாங்க. நீங்களும் எங்ககூடவே வந்துடுங்க. வீடு பெருசாத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

அவன் போனபின் மோகனா முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு, கல்லே இல்லாத பருப்பில் கல் பொறுக்கினாள்.

"நான் ஒண்ணும் அவர வரச் சொல்லல அத்த."

"அத நான் கேக்கல. புடிச்சிருக்குதா இல்லியா?"

"புடிச்சிருந்தா கெளம்பிடணுமா? நீயும் வர்றதா இருந்தா யோசிக்கலாம். இல்லன்னா உடு."

"நான் எங்க வர்றது?"

"அப்ப ஒருத்தியா இங்க என்னாத்த ஆக்கி என்னாத்த துன்னுவே? சந்தையில ஒரு ஆளுக்குன்னு காய் குடுக்கறாங்களா?"

சித்தூருக்குத் தான் போகலாகாது என்பதற்கான காரணம் அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அவள் முகமும் மகன் முகமும் ஒரே அச்சு. அந்த மூக்கு, அந்த மேலுதட்டு மடிப்பு, சிரித்தால் ஒரு கண் சுருங்குவதுகூட. திலீப்பின் முகமே புதுவீட்டு நடுவில் உட்கார்ந்து நாள்தோறும் சோறு பரிமாறினால், அந்தப் பெண் தன் கணவனை எப்படி நிமிர்ந்து பார்ப்பாள்? இதைச் சொன்னால் மோகனா அழுவாள். அழுதுவிட்டு இங்கேயே தங்கிவிடுவாள். சொல்லி அனுப்ப முடியாதவளை வேறு வழியில்தான் அனுப்பவேண்டும். இரவெல்லாம் புரண்டு அவள் கண்ட வழி, மருமகள் வாயிலிருந்து வந்த கேள்வியிலேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு சந்தையில் பாலையாவின் சாக்கின்முன் போய் நின்றாள். திலீப் சிறுவனாக இருந்த காலம்தொட்டு அவனிடம்தான் காய் வாங்குவது.

"தக்காளி பாதிக் கூறு போடு பாலையா."

"பாதிக் கூறா? இது என்னா அக்கா, தேங்காயா ஒடச்சி மூடி மூடியா குடுக்கறதுக்கு? எடுத்தா முழுசு, இல்லன்னா லேது."

"பத்து ரூபா தர்றேன், பாதி எடுத்துக் குடு."

"இன்னிக்கி உனக்குப் பாதி போட்டா நாளைக்கி இன்னொருத்தங்க கால் கூறு கேப்பாங்க. அப்பறம் நான் ஒத்தத் தக்காளிய வெச்சிக்கினு கத்தியும் கையுமா குந்திக்கினு இருக்கணும்." சொல்லிவிட்டு அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "கோடலு எக்கட? மருமவ எங்க, சண்டையா?"

"இன்னும் போடல. இனிமேதான் போடப் போறேன்."

அவன் சிரித்தானே தவிரக் கூறைப் பிரிக்கவில்லை. அவள் கடைத்தெருவுக்குப் போய், தராசு வைத்த கடையில் கூடுதல் விலை கொடுத்துக் கால் கால் கிலோவாக நிறுத்து வாங்கினாள். கூடையின் அடி தெரிந்தது. வழியெல்லாம் அது எடையில்லாமல் கையில் ஆடிக்கொண்டே வந்தது.

வீட்டில் மோகனா கூடையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா இது? காசு பத்தலியா?"

"பத்திச்சி. மீதி மாடத்துல இருக்குது."

"அப்பறம்? இது ஒரு ஆளுக்குத்தான வரும்."

"ஆமா. எனக்கு."

"எனக்கு?"

"உனக்கு வாங்கல. உன் கூடைய உன் வீட்டுல போயி ரொப்பிக்க. ஒரு ஆளுக்குக் குடுக்கறாங்களான்னு கேட்டியே, குடுக்கறாங்க. நல்லாப் பாத்துக்க."

அன்று மணியம்மா ஒரு கைப்பிடி அரிசியைச் சிறு சட்டியில் பொங்கி, ஒற்றைத் தட்டை எடுத்துவைத்துக்கொண்டு உண்டாள். அந்தப் பெண் வீட்டில் காலெடுத்து வைத்த நாள்முதல் அவள் உண்ணாமல் தான் உண்டறியாதவள், அவள் பார்த்துக்கொண்டிருக்கவே உண்டாள். ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீரால் தள்ளினாள். மோகனா வாசற்படியில் சாய்ந்து நின்று அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாய் விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அடுப்பு எரியவில்லை. ஆணியில் தொங்கிய டிபன் பாக்ஸை எடுத்து மோகனா திறந்து பார்த்தாள். மூடினாள். வெறும் பாக்ஸையே பையில் போட்டுக்கொண்டு போனாள். மணியம்மா கதவின் பின்னால் நின்று, பஸ்ஸின் விளக்கு வளைவில் மறையும்வரை பார்த்தாள். மகனைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய அன்று ஊரார் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்று பிடித்துக்கொள்ள யாரும் இல்லாததால் கதவையே பிடித்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்து வந்த மோகனா செருப்பைக் கழற்றாமலே அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"பக்கத்துல குந்தற பொண்ணு கேட்டுச்சி, ஏன் பாக்ஸு காலியா இருக்குது, உங்க அத்தைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியான்னு."

"நீ இன்னா சொன்னே?"

"ஆமான்னேன். புத்திதான் சரியில்லன்னு சொல்ல வாய் வரல." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "எதுக்கு இப்பிடிப் பண்றேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? உனக்கு நடிக்க வரல அத்த. நேத்து அந்தச் சோத்த நீ முழுங்கனது எனக்குத் தெரியாதா?"

மணியம்மா முறத்திலிருந்த புளியில் கொட்டை நீக்கிக்கொண்டே இருந்தாள்.

"போறேன். நீ இவ்ளோ கஷ்டப்பட்டுத் தொரத்தற, போறேன். ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கெழம நான் இங்க வருவேன். நீயும் நானும் பாலையாகிட்ட முழுக்கூறு வாங்கி ரெண்டு வீட்டுக்கும் பிரிச்சிக்கலாம். தராசுக் கடையில வாங்காத. அவன் தூக்கத்துலகூட ஏமாத்துவான்."

"சரி," என்றாள் மணியம்மா. அப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

நாராயணவனத்துக் கோயிலில், கல்யாணக் கோலத்திலேயே நின்றருளும் பெருமான் சந்நிதியில் தாலி ஏறியது. அந்த நேரத்தில் மணியம்மா மடைப்பள்ளிப் பக்கமாக ஒதுங்கி நின்றாள். தன் முகம் அந்த ஒரு நொடியில் மோகனாவின் கண்ணில் பட்டுவிடலாகாது என்று அவளுக்குத் தோன்றியது. மேளம் ஓய்ந்தபின்னரே வந்து அட்சதை போட்டாள்.

சொன்னபடி மோகனா வந்தாள். ஞாயிறு காலை சித்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். இருவரும் கூறு வாங்கி, சந்தை ஓரத்துப் புளியமரத்தடியில் கொட்டிப் பிரிப்பார்கள். மருமகள் அந்தப் பக்கம் திரும்பும்போது மாமியார் நல்ல தக்காளிகளை அவள் பைக்குத் தள்ளுவாள். இவள் திரும்பும்போது அவை திரும்ப இந்தக் கூடைக்கு வந்துவிடும். "எத்தன தடவதான் அதுங்கள நடக்க வெப்பீங்க, தக்காளிக்குக் கால் நோவும்," என்பான் பாலையா.

ஆவணியில் அது ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறாயிற்று. ஐப்பசியில் மாதம் ஒருமுறை. ஸ்ரீஹரியின் தாய்க்குக் கண் அறுவை, பிறகு மழை, பிறகு மோகனாவுக்குத் தலைசுற்றல். தையில் தொலைபேசியில் செய்தி வந்தது. மூன்று மாதம். பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மணியம்மா விளக்கேற்றி, மலை இருக்கும் திசையை நோக்கி விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது மகிழ்ச்சியும் வேறொன்றும் சேர்ந்தே எழுந்தன. அந்த வேறொன்றுக்குப் பெயரிட அவள் விரும்பவில்லை.

"காய் வாங்கினியா அத்த?" என்று ஞாயிறுதோறும் மோகனா கேட்பாள்.

"வாங்கினேன் கண்ணு."

"முழுசா?"

"முழுசா. உன் பங்கு இங்கதான் இருக்குது."

அது உண்மையே. முழுக்கூறை வாங்கிவந்து அவள் பாதியைத் தனியே எடுத்துவைத்தாள். கை இன்னும் இரண்டு பேருக்கே அளந்தது. உப்பு இரண்டு பேருக்கே விழுந்தது. எடுத்துவைத்த பாதி, வியாழக்கிழமைக்குள் தோல் சுருங்கி, வெள்ளிக்கிழமை கசிந்தது. ஒரு காய்கூட அழுகியறியாத அந்த வீட்டில் வாராவாரம் பாதிக் கூறு குப்பைக்குப் போயிற்று. ஊரார் கேட்டால், மருமகள் அடுத்த ஞாயிறு வருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாலையாவிடமும் அதையே சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டு கூறை அள்ளிக் கூடையில் கொட்டுவான்.

மாசியில் ஒரு ஞாயிறு. சந்தையில் கூட்டம். அவள் சாக்கின்முன் குந்தி, முந்தானை முடிச்சிலிருந்து இருபது ரூபாயை எடுத்து நீட்டினாள். அப்போதுதான் கண்டாள். வரிசையான கூறுகளுக்கு அப்பால், சாக்கின் ஓரத்தில், ஒரு சிறு குவியல். நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கி அடுக்கியது. மற்றவற்றில் சரிபாதி.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், "அந்தச் சின்னது எவ்ளோ?" என்று கை நீட்டினாள்.

"அது இல்லம்மா," என்றான் பாலையா. "அது அக்காவுது."

அவன் மணியம்மாவைப் பார்க்கவில்லை. இருபதை வாங்கிப் பத்தைத் திருப்பிக் கொடுத்தான். குவியலைத் தானே அள்ளிக் கூடையில் வைத்தான். வேறொருவருக்குக் கத்திரி எடுத்துப் போட வேகமாகத் திரும்பிக்கொண்டான்.

அவள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தான் தனியாள் என்பதை அவள் ஊருக்கும் ஒளித்தாள், தனக்கும் ஒளித்தாள். அதை ஒருவன் தக்காளியால் சாக்கின்மேல் எழுதிவைத்துவிட்டான். புளியமரத்தடிக்கு வந்து, இருவரும் கொட்டிப் பிரித்த இடத்தில் உட்கார்ந்து, அழுவதை எல்லாம் அங்கேயே அழுது முடித்தாள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சிறு சட்டியை எடுத்தாள். அன்றுதான் அவள் கை ஒருவருக்கென்று அளந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவள் குப்பையில் எதையும் கொட்டவில்லை.

அடுத்த ஞாயிறு, "முழுசா வாங்கினியா அத்த?" என்ற கேள்விக்கு, "பாதிதான் கண்ணு. பாலையா குடுக்கறான் இப்ப," என்றாள். "நல்ல பழமாப் பாத்துக் குடுக்கறானா?" என்று கேட்டாள் மோகனா.

வேங்கடத்து உச்சியில் நின்று வையம் முழுதுக்கும் படியளக்கும் நெடியோன் அந்தச் சிறு சட்டியையும் கண்பார்ப்பானாக. மணியம்மாவின் வீட்டு அடுப்பு ஒருநாளும் அவியாதிருப்பதாக. அவள் கூடை இலேசாயினும் வெறுமையாகாதிருப்பதாக. சித்தூரில் பிறக்கப்போகும் மகவு நடை பழகியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வீட்டுப் படியேறி வருவதாக. அன்று அவ்வில்லத்தில் முழுக்கூறும் ஒரே வேளையில் செலவாகி, பற்றாமல் போவதாக.