வாழ்த்துப் பகுதியில் விதுசனின் படம்

நெளுக்குளத்துக் கேபிள் நிலையத்தின் கருவிகளுக்கெல்லாம் செந்தூரனே வைத்தியன். கூரைமேல் நிற்கும் டிஷ்களில் காகம் எச்சமிட்டால் கழுவுவான். வயர் முனைகளில் எறும்பு குடியேறினால் துலக்கி மூடியிடுவான். அறைக்குள் அடுக்கிய பெட்டிகளுள் எதன் விசிறி சோர்ந்ததென்பதை இரைச்சலைக் கேட்டே சொல்லிவிடுவான். வானிலிருந்து இறங்கும் காட்சியெல்லாம் தன் கைவழியேதான் ஊருக்குள் நுழைகிறது என்று அவனுக்கோர் அடங்கிய பெருமிதம்.

நிலையத்துக்குச் சொந்தமாக ஓர் அலைவரிசையும் உண்டு. பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும் அதில் மாறி மாறி வரும். ஐப்பசி தோறும் அன்னபாக்கியம் தம் மகன் விதுசனுக்கு வாழ்த்துப் போடுவிப்பார். யுத்தம் முடிந்த நாள்களில் காணாமற்போனவன் விதுசன். பள்ளிச் சீருடையில் எடுத்த மங்கிய படமொன்றே எஞ்சியிருந்தது.

“பிள்ளை எங்க இருந்தாலும் பாக்கட்டும் தம்பி” என்பார்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் இடி விழுந்து கணினி பழுதாயிற்று. செந்தூரன் புதிய கணினி பூட்டி, படங்களை வாழ்த்துக்கும் அஞ்சலிக்குமாக அவசரத்தில் பிரித்தான். உரிய தேதி வந்ததும் கணினி தானே காட்டிவிடும்.

விதுசனின் பிறந்தநாளன்று அன்னபாக்கியம் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார்.

“ஆர் தம்பி சொன்னது? ஒளியாமல் சொல்லு. பிள்ளையைப் பற்றி ஆரோ உனக்குச் சேதி தந்திருக்கினம்.”

செந்தூரன் திரையைப் பார்த்தான். குத்துவிளக்கு எரிய, ‘கண்ணீர் அஞ்சலி’ என்னும் எழுத்தின்கீழே விதுசன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஐயோ அம்மா! ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. பிழை விட்டிட்டன்.”

அவர் கதிரையில் சரிந்தார். முகத்தில் உயிர் மீண்டது; மீண்ட கணமே மறுபடி வாடியது.

“வீடு நிறையச் சனம். என்ர மாடு செத்ததுக்கு எட்டிப் பாக்காத நேசமலர், தேத்தண்ணிக் கேத்திலோட வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைக்கிறாள். ஒருத்தியெண்டாலும் ‘உண்மையோ’ எண்டு கேக்கேல்லைத் தம்பி. எல்லாரும் கண்ணீரை ஆயத்தமா வச்சிருந்திருக்கினம்.”

திரையைக் காட்டிக் கேட்டார்: “இது மிசின் செய்ததோ, நீ செய்தனியோ?”

இடியின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவன் போடவில்லை.

“படம் மங்கலா இருந்தது அம்மா. கை தானா அங்க போட்டிட்டுது.”

“அப்ப நீயும்…” என்றார் அவர்.

அவன் படத்தை வாழ்த்துப் பகுதிக்கு மாற்றினான். பலூன்கள் நடுவே விதுசன் மீண்டும் சிரித்தான். அன்னபாக்கியம் அது மறையும்வரை பார்த்திருந்து எழுந்து போனார்.

சில நாள்களின் பின் அவ்வழியே போன செந்தூரன் கண்டான்: கம்பத்திலிருந்து அவர் வீட்டுக்குச் சென்ற வயர் கழற்றப்பட்டு, அழகாகச் சுருட்டி வேலியில் தொங்கவிடப்பட்டிருந்தது.

இவ்வாண்டு ஐப்பசியில் அவர் வரவில்லை. செந்தூரன் தானாகவே வாழ்த்தை இட்டான். பிறகு அலை அளக்கும் மீற்றரை எடுத்துச் சென்று அவர் வாசற் கம்பத்தில் அளந்தான். குறையொன்றுமில்லை, விதுசனின் சிரிப்பு அந்தக் கம்பம்வரை தெளிவாக வந்து நின்றது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

வேலியில் தொங்கிய வயரின் முனையைத் துடைத்து, எறும்பு புகாதபடி ஒரு மூடியிட்டுத் திரும்பினான்.