முகத்துக்கு நேரே சொன்ன வாசகி

செண்பகவல்லி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் என் புதிய புத்தகத்தின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய மகன் பேசினான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். "அங்கிள், மம்மி காலையில போயிட்டாங்க. ஹார்ட். நீங்க தமிழ்ல எழுதுவீங்கள்ல, மம்மி பத்தி ஏதாவது அச்சா, நல்லபடியா எழுதிடுங்க" என்றான். எழுதுகிறேன் என்றேன். ஆனால் எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. இந்தப் புத்தகத்தை அக்கா படிக்கப் போவதில்லை என்பதுதான் முதலில் தோன்றியது. சிவப்புப் பேனாவை மூடி வைத்தபோது உடம்பு லேசாக இருந்தது. வாசகர் வட்டத்தில் அவரை அறிந்த உங்களில் பலருக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் அக்காவுக்குப் பிடிக்காது.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கோவில்பட்டிக்காரர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளில் டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பிற்பகல்களில், அவர் வீட்டு முன்னறையில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். பன்னிரண்டு பேர் வருவோம். நாவல்களுக்கு ஊரெல்லாம் வாசகர்கள் இருக்கிறார்கள், நாம் மற்றதைப் படிப்போம் என்பார். ஆகவே விலங்குகளைப் பற்றிய புத்தகங்கள், தலைமைப் பண்பைப் பற்றிய புத்தகங்கள், பதிப்புத் தொழிலைப் பற்றிய புத்தகங்கள் என்று வேறு யாரும் சீண்டாதவற்றைப் படித்தோம். எழுதியவர் டெல்லியில் இருந்தால் அவரையும் அழைப்போம். அவர் நடுவில் உட்கார வேண்டும். எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. இது அக்கா வகுத்த விதி. பேசியவற்றைத் தொகுத்து 'வாசகர் கருத்து' என்று நான்கு பக்கத் தாள் ஒன்றை அவரே எழுதுவார். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டிப் பிரதி எடுப்பது என் வேலை.

சுபேதார் மாணிக்கத்தை உங்களுக்கு நினைவிருக்கும். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் கோவேறு கழுதைகளோடு இருபது வருடம் பனிமலைகளில் ஏறி இறங்கியவர். ஓய்வுக்குப் பிறகு டெல்லியில் பாலம் விமான நிலையத்துப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு, செல்லி என்ற கோவேறு கழுதையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதித் தானே அச்சிட்டிருந்தார். கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கையில் ஒரு பெட்டி லட்டு. நாங்கள் எல்லோரும் புத்தகம் உருக்கமாக இருக்கிறது என்று ஆளுக்கு இரண்டு வரி சொன்னோம். அக்கா கடைசியாகப் பேசினார்.

"சுபேதார் சார், செல்லி உங்க மேல பாசமா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அது உங்ககிட்ட வந்து சொல்லுச்சா? அது சுமை தூக்குச்சு. தூக்கலைன்னா அடி விழும். அதுக்குப் பேரு பாசமா?"

சுபேதார் விதிப்படி பேசாமல் சிரித்தார்.

"நாப்பத்தோராம் பக்கத்துல அது அழுதுச்சுன்னு வருது. போன ஜனவரிக் குளிருல நானும்தான் பஸ் ஸ்டாப்புல நின்னு கண்ணுல தண்ணி விட்டேன். பஸ்சு மேல உள்ள பாசத்துலயா?"

அறை முழுக்கச் சிரித்தது. முதலில் சிரித்தது நான். அக்கா சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"செல்லி வேலையிலேருந்து ஓய்வு வாங்கி மலையடிவாரத்துல புல்லு மேய்ஞ்சுக்கிட்டு சந்தோசமா இருந்துச்சுன்னு முடிச்சிருக்கீங்க. புத்தகம் பூரா ஒவ்வொரு முகாமுக்கும் பேரு போட்டிருக்கீங்க. இந்த அடிவாரத்துக்கு மட்டும் பேரு இல்லையே. எந்த ஊரு அது? இதுக்கு நீங்க பதில் சொல்லலாம்."

சுபேதார் மடியிலிருந்த லட்டுப் பெட்டியைத் தரையில் வைத்தார். பிறகு சொன்னார்: "கால் ஒடிஞ்சி போச்சி மேடம். ஐஸ்ல வழுக்கி. கீழ எறக்க வழியில்ல. நான்தான் சுட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். அக்கா கேட்டார்: "எத்தனை தடவை?"

"ரெண்டு."

"ஒண்ணு போதாதா?"

"மொத தடவ கை நடுங்கிடுச்சி மேடம். அது என்னையே பாத்துகினு இருந்துச்சி."

"அதை எழுதாம புல்லை எழுதியிருக்கீங்க" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார் அக்கா.

சுபேதார் எழுந்து எல்லோருக்கும் கை கூப்பிவிட்டு வெளியே போனார். பிறகு தேநீர் வந்தது. அவர் கொண்டுவந்த லட்டுகளை நாங்கள் தின்றோம். அந்த மாதத் தாளில் அக்கா இப்படி எழுதினார்: "ஆசிரியர் தன் கதாநாயகியைச் சுட்டுக் கொன்று, கடைசி இரண்டு பக்கங்களுக்கு நடுவே புதைத்திருக்கிறார்." ஸ்டென்சிலில் அந்த வரியை வெட்டும்போது எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. இப்படி ஒரு வரி நமக்கு வராதா என்று பொறாமைதான் வந்தது. சுபேதார் அதற்குப் பிறகு வரவில்லை. மிச்சமிருந்த பிரதிகளையெல்லாம் பழைய பேப்பர் வாங்கும் கபாடிக்காரனை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அதை அக்காவிடம் சொன்னேன்.

"அவரு வருத்தப்பட்டா நான் என்ன செய்ய முடியும் சேது? செத்துப்போன அந்தச் சீவனுக்காக ஒருத்தராவது உண்மை பேச வேண்டாமா?" என்றார். பல வருடங்கள் நான் அதை நம்பினேன்.

சில வருடங்கள் கழித்து அக்காவின் கணவர் இறந்தார். குவார்ட்டர்ஸ் கணவர் பெயரில் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் அக்காவின் அலுவலகத்தில் இயக்குநராக இருந்த தமிழர் ஒருவர் தலைமைப் பண்பைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் பெயர் இங்கே வேண்டாம். தான் எப்படி ஒரு கடைநிலை ஊழியரின் கண்ணீரைத் துடைத்தார், எப்படி ஒரு வேலைநிறுத்தத்தைப் புன்னகையாலேயே முடித்துவைத்தார் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவரே அவருக்கு மாலை போட்டுக்கொண்ட புத்தகம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நாங்கள் காத்திருந்தோம். அக்கா என்னவெல்லாம் சொல்வார் என்று பஸ்ஸில் வரும்போதே பேசிச் சிரித்துக்கொண்டு வந்தோம்.

இயக்குநர் வந்து நடுவில் உட்கார்ந்தார். அக்காவின் முறை வந்தது. "நல்ல புத்தகம். அனுபவத்துலேருந்து வந்திருக்கு. ஆபீசுல வேலை பாக்குத எல்லாரும் படிக்கணும்" என்றார். முடித்துவிட்டார். தாளிலும் நான்கு வரிப் பாராட்டு மட்டும் இருந்தது.

எல்லோரும் போன பிறகு நான் நின்றேன். "என்னக்கா இது?" என்றேன்.

அக்கா தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "குவார்ட்டர்ஸை என் பேருக்கு மாத்துத ஃபைலு அவரு மேசையில இருக்கு."

"சுபேதாருக்கு மேஜை இல்லை, இல்லையாக்கா?"

அவர் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இல்லை. அதனாலதான்" என்றார்.

அந்த ஒரு பதிலுக்காகவே அவரை மன்னித்திருக்கலாம். நான் மன்னிக்கவில்லை. எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. என் முதல் புத்தகத்தைப் பற்றி அதே அறையில் அவர் சொன்ன கருத்து உங்களுக்கெல்லாம் தெரியும்; பல காலம் அதைச் சொல்லிச் சொல்லி என்னைச் சீண்டியிருக்கிறீர்கள். "சேது, இதை எழுதுன நேரத்துக்கு நீ படுத்துத் தூங்கியிருந்தா உடம்புக்காவது நல்லது." நான் விதிப்படி பேசாமல் இருந்தேன். ஆனால் மறக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா ஜனக்புரியில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போனார். வட்டம் கலைந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் யாருக்கும் தமிழ் படிக்க வரவில்லை. மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த அந்த நாட்களில், பால்கனியில் புழுதிக்கு நடுவே உட்கார்ந்து அக்கா ஒரு புத்தகம் எழுதினார். பதிப்பைப் பற்றிய புத்தகம். அரசு வேலையில் இருந்துகொண்டு தமிழில் எழுதுகிறவர்கள் எதற்காக அச்சேறத் துடிக்கிறார்கள், அச்சில் எதை மறைக்கிறார்கள், யார் அதைப் படிக்கிறார்கள் என்று இருநூறு பக்கம். சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். அதற்குள் எனக்கு ஓரளவு பெயர் வந்திருந்தது. பதிப்பகத்தார் கையெழுத்துப் பிரதியின் நகலை எனக்கே அனுப்பி, கருத்துக் கேட்டார்கள். என் பெயரை வெளியிட மாட்டோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

நன்றாக எழுதியிருந்தார். அதை இப்போது சொல்ல முடிகிறது. சுபேதாரின் புத்தகத்துக்குப் பதினோரு பக்கம் கொடுத்திருந்தார். இயக்குநரின் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான் இரண்டு பக்கக் கருத்து எழுதினேன். "ஆசிரியர் தனக்குத் தீங்கு செய்ய முடியாதவர்களின் புத்தகங்களை மட்டுமே கிழித்துப் பார்க்கிறார். தன்னைத் தவிர எல்லோருடைய பொய்யையும் கண்டுபிடிக்கிறார். வெளியிடத் தகுதியற்றது." எழுதி முடித்ததும் ஒரு முறை உரக்கப் படித்துப் பார்த்தேன். அவர் எழுதியதுபோலவே இருந்தது. சந்தோஷமாக இருந்தது.

பதிப்பகத்தார் பிரதியோடு, பெயர் போடாத என் கருத்தையும் சேர்த்து அவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"படிச்சேன் சேது. அந்த மேசை விசயம் உனக்கு மட்டும்தானே தெரியும். நீ சொன்னது சரிதான். ரெண்டாம் பத்தியில ஒரு ஒற்று விட்டுப்போச்சு, பாத்துக்கோ."

மறுக்க நினைத்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கேன். நான் யாரைச் சொன்னாலும் உக்கார வெச்சு முகத்துக்கு நேர சொன்னேன். நீ எதுக்குய்யா பேரு போடாம சொன்ன? நான் என்ன, உன்னைக் கடிச்சா தின்னுருவேன்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி அழைத்தார். சுபேதாரைப் பார்க்கப் போக வேண்டும், வழி தெரியவில்லை, கூட வா என்றார். போனோம். சுபேதார் முழங்கால் வலியோடு வந்து கேட்டைத் திறந்து முற்றத்தில் நாற்காலி போட்டார். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"சுபேதார் சார், உங்க புத்தகத்தைப் பத்தி நான் சொன்னதுல இப்பவும் எனக்கு மாத்தம் இல்ல. ஆனா அதைச் சொல்லுததுக்கு எனக்கு அருகதை கிடையாது. உங்களுக்குப் பொறவு ஒரு பெரிய ஆபீசரோட புத்தகத்துக்கு நான் பொய் சொன்னேன். வீடு போயிருமேன்னு பயந்துட்டேன்."

சுபேதார் முழுவதையும் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அன்னிக்கி பன்னெண்டு பேரு முன்னாடி என்னைச் சொன்னீங்க. பேப்பர்லயும் போட்டீங்க. உங்க விசயத்த மட்டும் என் ஊட்டு வாசலாண்ட வந்து சொல்றீங்களே மேடம்." எழுந்து போய்க் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. திரும்பி வரும் வழியில் நான் அவருக்கு ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அன்று எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை என்பதே உண்மை.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 'வாசகர் கருத்து' கடைசியாக ஒரு முறை வந்தது. ஒரே ஒரு தாள். ஸ்டென்சில் வெட்ட என்னைக் கூப்பிடவில்லை. கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்து, பழைய உறுப்பினர்கள் எல்லோருக்கும், சுபேதாருக்கும், இயக்குநருக்கும் தபாலில் அனுப்பியிருந்தார். தலைமையைப் பற்றிய அந்தப் புத்தகம் ஒரு மோசமான புத்தகம் என்றும், அது தெரிந்தே பொய் சொன்னேன் என்றும், எதற்காகச் சொன்னேன் என்றும் அதில் எழுதியிருந்தார். நொண்டிச் சமாதானம் ஒரு வரியும் இல்லை. கடைசி வரி: "இதைப் பற்றி வாசகர்கள் தங்கள் கருத்தைத் தயங்காமல் எழுத வேண்டும்." ஒவ்வொரு உறையிலும் தன் விலாசம் எழுதிய ஓர் அஞ்சலட்டையை வைத்திருந்தார்.

நான் பதில் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. அட்டை என் மேஜையில்தான் இருந்தது. கொஞ்ச நாள் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு நாள் அக்கா தொலைபேசியில் கேட்டார்: "கார்டு கெடைச்சுதா சேது?"

"கிடைச்சுதுக்கா."

"சரி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான் அவர் மகனின் அழைப்பு வந்தது.

தகனம் முடிந்து ஜனக்புரி வீட்டுக்குத் திரும்பியபோது அவனிடம் கேட்டேன், அம்மாவுக்கு ஏதாவது அஞ்சலட்டை வந்ததா என்று.

"கார்டா? நஹீ அங்கிள், ஒண்ணும் வரலை. பட், மம்மி டெய்லி கீழ போய் லெட்டர் பாக்ஸ் திறந்து பாப்பாங்க. முட்டி வலியோட ரெண்டு மாடி. நான் பாத்துட்டு வரேன்னா கேக்க மாட்டாங்க."

ஒன்றும் வரவில்லை. நீங்கள் யாரும் எழுதவில்லை. உங்கள் காரணம் உங்களுக்கு. என் காரணத்தை மேலே எழுதிவிட்டேன்.

அக்காவின் நினைவாக என்னிடம் வேறு எதுவும் இல்லை. புகைப்படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. அந்த அஞ்சலட்டையை மட்டும் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் அவருடைய பெயரும் ஜனக்புரி விலாசமும். மறுபக்கத்தில் எதுவும் இல்லை. "நன்றாக எழுதியிருக்கிறீர்கள் அக்கா" என்று மூன்று சொல் எழுதி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டிருந்தால் போதும். அவர் இரண்டு மாடி இறங்கி வந்து அதை எடுத்துப் படித்திருப்பார்.